ஆளற்ற மலையூரும் நம்பத்தகுந்த திகிலும்: புதிதாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மனிதர்கள் விட்டுச் சென்ற ஊரைக் களமாகக் கொண்டு முதன்முதலாகத் திகில் கதை எழுதுபவர் பெரும்பாலும் பேயிலிருந்துதான் தொடங்குகிறார். பேய் எங்கிருந்து வந்தது, யாரைப் பழிவாங்குகிறது என்பதற்கெல்லாம் விடை எழுதி வைத்துவிட்டு, ஊரைப் பற்றி மட்டும் 'பாழடைந்த பங்களா, மூடுபனி, ஆந்தையின் அலறல்' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். நீலகிரியை அறிந்த வாசகர் அக்கதையைச் சில பக்கங்களிலேயே மூடிவிடுவார். 1881இல் நிகழும் காட்சியில் மின்விளக்கு அணைந்து அணைந்து எரியும். தங்கச் சுரங்கத்தில் மீத்தேன் வெடிக்கும். நூறாண்டுக்கு முன் புதைத்த உடல் தசையோடு எழுந்து வரும். பேயை ஏற்றுக்கொள்ள அந்த வாசகர் ஆயத்தமாகவே வந்தார். அந்த மின்விளக்கைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. நடக்க முடியாத ஒன்றை நம்பச் சொல்லும் கதையில் அதைச் சுற்றியுள்ள அனைத்தும் நடந்திருக்கக் கூடியவையாக இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: ஊர் காலியான கதையை முதலில் எழுதுங்கள்

ஊர் ஏன் காலியானது, எந்த ஆண்டில், எத்தனை நாளில் அல்லது எத்தனை ஆண்டில், யார் முதலில் போனார்கள், யார் கடைசியில் போனார்கள் என்பவற்றை ஒரு பக்கத்திலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் கதையில் வர வேண்டியதில்லை. ஆனால் வீடுகளுக்குள் என்ன கிடக்கும், என்ன கிடக்காது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் ஓர் இரவில் அழித்தது. செர்னோபில் அணு உலை 1986 ஏப்ரல் 26இல் வெடித்தபோது, பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரம் மறுநாளே பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டது. சில நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணியே மக்கள் கிளம்பியதால் வீடுகள் வாழ்ந்த கோலத்திலேயே நின்றுவிட்டன. மேசையில் தட்டும் கொடியில் துணியும் அப்படியே இருக்கும் காட்சியை எழுத இத்தகைய திடீர் முடிவு தேவை. பெரும்பாலான ஊர்கள் இப்படிக் காலியாவதில்லை. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது; சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல இன்றும் அங்கேயே குடியிருந்து, பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வருகின்றன. மெல்லக் காலியாகும் ஊரில் பெட்டி படுக்கையும் பாத்திரமும் மனிதர்களோடு போய்விடும். மிஞ்சுவது எடுத்துப்போக முடியாதவையும் எவரும் விரும்பாதவையும்தான்.

நீலகிரியில் இதற்கான களங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊட்டியை அடுத்த இந்து நகரில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய படச்சுருள் தொழிற்சாலை, டிஜிட்டல் ஒளிப்படம் வந்த பிறகு மீள முடியாமல் முடங்கியது. ஊழியர் குடியிருப்புகளோடு அமைந்த ஒரு நகரியம் மெல்ல ஓய்ந்தது. காப்பி இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் காணப்பட்டு, சில ஆண்டுகளில் தென்னிந்தியத் தோட்டங்களையும் வீழ்த்தியது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் வீடுகளைக் குடும்பங்களோடு புதைத்தன. இவற்றில் எதை எடுத்தாலும் கதைக்கு இடமுண்டு. ஆயினும் புதிதாக எழுதுபவருக்கு நான் பரிந்துரைப்பது கூடலூருக்கு அப்பால் உள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதியைத்தான்.

அந்தப் பகுதியின் ஓடைகளில் உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற பிரப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநர் 1879 வாக்கில் இங்கு வந்து ஆய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்ததும், லண்டனில் நிறுவனங்கள் வரிசையாகத் தோன்றின, பங்குகள் ஏறின, காட்டு நடுவே பங்களாக்களும் கடைகளும் எழுந்தன, கனத்த இயந்திரங்கள் மலையேற்றப்பட்டன. திரட்டிய பணத்தின் பெரும்பகுதி நிலம் வாங்குவதிலும் கட்டடங்களிலும் இயந்திரங்களிலும் கரைந்தது. வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) பாறையிலிருந்து கிடைத்த தங்கமோ செலவுக்குக் கட்டவில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது.

இங்கே கலைந்து போன வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் லண்டனில் பங்கு விற்றவர்கள் விலகினார்கள். அவர்கள் இந்த மண்ணில் கால் வைத்தவர்களே அல்லர். பிறகு மேலாளர்கள், பிறகு கடன் கொடுத்த கடைக்காரர்கள், கடைசியில் கூலி பாக்கியோடு கூலியாட்கள். பணியர்கள், குறும்பர்கள், காட்டுநாயக்கர்கள் ஆகிய பழங்குடியினர் போகவே இல்லை, ஏனெனில் இது அவர்களுடைய இடம். ஆகவே 'ஆளற்ற ஊர்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், யாருடைய கண்ணுக்கு ஆளற்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திகில் கதைக்கு இதைவிட வளமான கேள்வி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கதைக்கு உண்மையான தேவாலாவையே பயன்படுத்த வேண்டாம். அங்கே இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் இடையே ஒரு கற்பனை ஊரை அமைத்து, அதன் மழையையும் மண்ணையும் வழித்தடத்தையும் மட்டும் உண்மையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அந்த ஆண்டில் என்ன இருந்தது, என்ன தெரிந்திருந்தது

பொருள்களில் நேரும் காலப்பிழையைத் தவிர்ப்பது எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல். ஊட்டிக்கு வந்தது 1908இல். பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். ரூபாய், அணா, பைசா என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை இருந்தது. கூடலூர், தேவாலா உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது என்பதால், 1881இல் அங்கே காதில் விழும் பேச்சில் தமிழோடு மலையாளமும் கன்னடமும் கலந்திருக்கும். பழைய நில ஆவணங்கள் மலபார் வழக்கில் இருக்கும்.

கடினமானது அறிவில் நேரும் காலப்பிழை. 1881இல் தேவாலாவில் கூலியாட்களையும் துரைகளையும் வேறுபாடின்றிச் சாய்த்தது மலேரியாக் காய்ச்சல். அதன் ஒட்டுண்ணியை லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டது 1880இல். கொசுதான் அதைக் கடத்துகிறது என்ற முடிவுக்கு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் வழி திறந்தது 1897இல். எனவே உங்கள் மேலாளர் கொசுவைக் குறை சொல்ல முடியாது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பி, அந்தி சாய்ந்ததும் சன்னல்களை அடைப்பார். நம்பிக்கை தவறு, ஆனால் செயல் ஓரளவு பயன் தரும், கொசு உள்ளே வராது. மருந்தாகக் குவினைன் உண்டு: சிங்கோனா மரங்களை 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டிருந்தார்கள். ஆனால் அது யாருக்கு, எவ்வளவு கிடைத்தது என்பது வேறு செய்தி. அடைத்த சன்னலுக்குள் துரை பிழைத்திருக்க, திறந்த குடிசையில் கூலியாட்கள் ஒவ்வொருவராகச் சாக, அதற்கு ஊரார் தங்களுக்குத் தெரிந்த அளவில் ஒரு காரணம் கற்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேயே இல்லாமல் கதை இருண்டுவிடுகிறது. பாத்திரங்களின் தவறான நம்பிக்கையைத் திருத்திவிடாதீர்கள்; அந்த நம்பிக்கைக்குள் நின்றே எழுதுங்கள்.

நோயைப் பற்றி இன்னொன்று. பழைய கல்லறையைத் தோண்டியதும் கொள்ளைநோய் கிளம்புவதாக எழுதுவோர் பலர். பிளேக் கிருமி ஈரமண்ணில் புதைந்த எலும்புகளில் நூறாண்டு உயிரோடு இருப்பதில்லை. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லது ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்து; அது முதலில் கால்நடைகளையும் காட்டு விலங்குகளையும் தாக்கும். அதைவிட மலைக்காட்டுக்குப் பொருத்தமானது கியாசனூர்க் காட்டு நோய். 1957இல் சிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட இந்நோய் உண்ணிகளால் பரவுகிறது. மனிதர்களுக்கு வருமுன் காட்டில் குரங்குகள் செத்து விழுவதே அதன் அறிகுறி. முதுமலையை ஒட்டிய பந்திப்பூரிலும் 2012இல் இது தென்பட்டது. ஊர் எல்லையில் நாள்தோறும் குரங்குகள் மரத்திலிருந்து விழுகின்றன என்ற ஒரு வரி போதும்.

மூன்றாம் படி: ஊர் சிதையும் வேகம்

ஊரை விட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது சுவரைப் பார்த்ததும் வாசகருக்குத் தெரிய வேண்டும். கைவிடப்பட்ட ஊரை முதலில் தின்பது பக்கத்து ஊர். காடு அதற்குப் பிறகுதான் வருகிறது. கதவு, சன்னல், தகரம், உத்தரம், செங்கல் என்று பயன்படும் அனைத்தும் சில ஆண்டுகளில் கழற்றிச் செல்லப்படும். எனவே ஐம்பது ஆண்டு பாழாய்க் கிடந்த பங்களாவில் தேக்குக் கதவு கிரீச்சிட்டால், அதை ஏன் எவரும் எடுத்துப் போகவில்லை என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். எடுக்க அஞ்சினார்கள் என்பது நல்ல விடை. அப்போது அந்தக் கதவே கதையாகிவிடும்.

எடுக்கப்படாதவற்றை மழை பார்த்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய தகரக் கூரை வெட்டிய விளிம்பிலும் ஆணித்துளையிலும் முதலில் துருப்பிடிக்கும். அதன் வழியே இறங்கும் நீர் சட்டங்களை உளுக்கச் செய்யும். கரையான் மீதியை முடிக்கும். கூரை இருக்கும்வரை சுவர் நிற்கும். கூரை போனபின் மண்சாந்துச் சுவர் சில மழைக்காலங்களையே தாங்கும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கல்சுவர் நூறாண்டும் நிற்கும். ஆகவே அதே ஊரில் துரையின் பங்களாவுக்குச் சுவர் இருக்கும், கூலியாட்களின் குடிசைக்கு மேடு மட்டும் இருக்கும்.

எந்த மழை என்பதையும் கவனியுங்கள். தேவாலா, அவலாஞ்சி போன்ற மேற்குப் பகுதிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நனைபவை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் பழனி மலையில் கொடைக்கானலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் மிகுதியாக நனையும். டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்வெளியை வெண்மையாக்கும் உறைபனி ஊட்டியின் பள்ளங்களுக்கு உரியது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள தேவாலாவில் உறைபனியை எழுதினால், கூடலூர்க்காரர் அந்த இடத்தோடு உங்களை விட்டுவிடுவார்.

செடிகொடிகள் உங்களுக்கான நாட்காட்டி. பாழ்நிலத்தில் உண்ணிச்செடி முதலில் நுழையும். அதன் பழத்துக்குக் கரடி வரும். உயரமான புல்வெளியில் சீகை மரம் பரவும். சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டவை என்பதால், 1820இல் நிகழும் காட்சியில் கற்பூரத் தைல வாசனை வீசக் கூடாது. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம் பலர் தவறவிடும் அழகிய களம். இடுப்பளவில் கவாத்து செய்யப்பட்ட செடியைத்தான் நாம் தேயிலை என்று அறிந்திருக்கிறோம். கவாத்து நின்றால் அது மரமாக உயரும், வெள்ளைப்பூ பூக்கும். வரிசை மாறாமல் நடப்பட்ட செடிகள், அதே வரிசையில், தலைக்கு மேல் இருண்டு நிற்கும் காட்சியில் மனிதக் கை இருந்ததும் இல்லாமற் போனதும் ஒருங்கே தெரியும். குறிஞ்சியைப் பூக்கவிடுவதாக இருந்தால் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியைக் கணக்கிடுங்கள்: 1994, 2006, 2018 என அது பெருவாரியாகப் பூத்தது.

உடல், காகிதம் இரண்டுக்கும் இந்த மண் இரக்கம் காட்டாது. தேயிலை செழிக்கும் புளிப்பு மண்ணில், ஓயாத ஈரத்தில், எலும்பே மெல்லக் கரைந்துவிடும். பித்தானும் காப்பும் மிஞ்சும். நாயகன் கண்டெடுக்கும் நூறாண்டுப் பழைய நாட்குறிப்பு ஒழுகும் பங்களாவின் மேசை இழுப்பறையில் இருக்க வழியில்லை. இறுக மூடிய தகரப் பெட்டியிலோ, வேறோர் ஊரின் தேவாலயப் பதிவேட்டிலோ, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக் கட்டிலோ அது இருக்கட்டும். இந்து நகரைப் போன்ற படச்சுருள் ஆலையைக் களமாக்கினால், அசிட்டேட் படச்சுருள் ஈரத்தில் சிதையும்போது வினிகர் நெடி வீசும் என்பதை மறக்க வேண்டாம். பூட்டிய அறையிலிருந்து வரும் அந்த நெடியை எதிர்பார்க்கும் வாசகர் எவருமில்லை.

நான்காம் படி: உண்மையான அச்சங்களைக் கையாளுதல்

மலை தானாகவே செய்யும் அச்சுறுத்தல்கள் பல உள்ளன. அவற்றை முதலில் பயன்படுத்தி, வாசகர் 'இதற்குக் காரணம் உண்டு' என்று அமைதியடையக் கற்றுக்கொண்ட பிறகு, காரணமற்ற ஒன்றை நுழைக்கலாம்.

தெளிந்த குளிர் இரவில் பள்ளத்தில் குளிர்ந்த காற்று தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளையும். எதிர்ச்சரிவில் பேசுவது பக்கத்தில் பேசுவதுபோல் கேட்கும். கேளையாடு என்ற சிறு மான் நாயைப்போல் விடாது குரைக்கும். சீகாரப் பூங்குயில் விடியுமுன் மனிதர் சீட்டியடிப்பதுபோலவே பாடும். பாட்டு ஏதோ ஒரு மெட்டில் தொடங்கி வழிதவறிப்போகும். மழைக்கால இரவில் மட்கும் கட்டைகளில் சில காளான்கள் பச்சையாய் ஒளிரும். டார்ச் விளக்கை அணைத்துக் கண் பழகிய பின்னரே அது தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னே தாழ்வாக நிற்க, எதிரே பள்ளத்தில் மூடுபனி தேங்கியிருந்தால், உங்கள் நிழலே பேருருவாய், தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு பனியில் விழும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் நடைபாதையில் இதைக் கண்டவர்கள் உண்டு. ஒருவருக்குத் தம் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும், அருகில் நிற்பவரின் தலையைச் சுற்றித் தெரியாது. இருவர் ஒருவரையொருவர் ஐயுறும் கதைக்கு இயற்கையே எழுதித் தந்த காட்சி இது.

சுரங்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மீத்தேன் வெடிப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு உரியது. வெள்ளைக்கல் பாறையில் குடைந்த பழைய தங்கச் சுரங்கத்தில் இருக்கும் ஆபத்து ஓசையற்றது: உளுக்கும் முட்டுக்கட்டைகளும், காற்றுப் பட்டு மாறும் கந்தகக் கனிமங்களும் உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றுவிடுகின்றன; கரியமில வாயு அடியில் தேங்குகிறது. சாதாரணக் காற்றில் உயிர்வளி 21 விழுக்காடு. 16 அல்லது 17க்குக் குறைந்தால் மெழுகுவத்தி அணையும். 10க்குக் கீழே போனால் மனிதர் சட்டென்று மயங்கி விழுவார். மூச்சுத் திணறலுமின்றி, நெடியுமின்றி இது நிகழலாம். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார், அவருக்காக இறங்குபவரும் விழுவார். மெழுகுவத்தியை நம்பிய தலைமுறைக்கு எச்சரிக்கை இருந்தது. கைப்பேசி வெளிச்சத்தோடு இறங்கும் இன்றைய இளைஞருக்கு அது இல்லை. கைப்பேசி அணையாது.

பாதரசமும் இங்கே பொருந்தும். பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தில் கலந்து, பின் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்தவருக்குக் கைநடுக்கம், உறக்கமின்மை, மறதி, காரணமற்ற கூச்சமும் சினமும் வரும். தம்மை யாரோ கவனிப்பதாகச் சொல்லும் ஒரு மேஸ்திரியின் வாக்குமூலத்தை வாசகர் எப்படி எடுத்துக்கொள்வது என்பதை இது கடைசிவரை ஊசலாட வைக்கும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் மண்ணிலும் தொழிலாளர் உடலிலும் விட்டுச் சென்ற துயரம் நம் காலத்தது. அதைத் தொடுவோர் பொழுதுபோக்காகத் தொடக்கூடாது.

ஐந்தாம் படி: நடக்க முடியாதது ஒன்றே ஒன்று

கதையில் அறிவியலுக்குப் புறம்பானது ஒன்று மட்டும் இருக்கட்டும். அதற்கு ஊர் காலியான காரணத்தோடு உறவு இருக்கட்டும். கூலி பாக்கியோடு செத்தவர்களின் ஊரில், ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலிக் கணக்குப் புத்தகத்தில் புதிதாகக் கைந்நாட்டு விழுகிறது என்றால் அது அந்த ஊருக்கே உரிய பேய். வெள்ளைச் சேலை உடுத்திக் குறுக்கே நடக்கும் உருவம் எந்த ஊரிலும் நடக்கும்.

மலைமக்களைப் பற்றி

நீலகிரியைக் களமாக்குவோர் மிக எளிதாகச் செய்துவிடும் அநீதி, குறும்பர்களை மந்திரவாதிகளாகக் காட்டுவது. சூனியம் வைத்தார்கள் என்ற ஐயத்தின் பேரில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட நிகழ்வுகள் 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் உள்ளன. 1835இல் நடந்தது அவற்றுள் ஒன்று. அந்தக் கொலைகளுக்குக் காரணமான அதே கற்பிதத்தை நாம் இன்று அச்சூட்டும் உத்தியாகப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பணியர்கள் ஒரு காலத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். திகிலைத் தேடுபவர் அந்த விற்பனையைப் பார்க்கட்டும், அது நடந்தது. மலையிலுள்ள கற்பதுக்கைகளையும் கல்வட்டங்களையும் 'சாபமிட்ட கற்கள்' என்று எழுதுமுன், அவை யாரோ தம் இறந்தோருக்கு எழுப்பிய நினைவிடங்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரிபார்ப்பதும் நேரில் செல்வதும்

தங்க மோகத்தையும் அதன் சரிவையும் பற்றி அறிய, பிரான்சிஸ் எழுதி 1908இல் வெளிவந்த நீலகிரி மாவட்டக் கெசட்டியரையும், அதற்கு முன் 1880இல் வந்த கிரிக் கையேட்டையும் படியுங்கள். தொல்சின்னங்களுக்கு நீலகிரியில் பிரீக்ஸ் எழுதிய 1873ஆம் ஆண்டு நூலும், பழனி மலைக் கற்பதுக்கைகளுக்கு ஆங்லேடும் நியூட்டனும் எழுதிய 1928ஆம் ஆண்டு அறிக்கையும் உள்ளன. இவற்றை எழுதியவர்கள் ஆட்சியாளர்களும் பாதிரியார்களும் ஆவர். தேதியையும் அளவையும் அவர்களிடம் பெற்றுக்கொள்ளலாம், மலைமக்களைப் பற்றிய அவர்களது தீர்ப்பை அப்படியே பெற்றுக்கொள்ள வேண்டாம். 1859இல் தொடங்கப்பட்ட ஊட்டி நீலகிரி நூலகமும், 1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தின் கல்லறைத் தோட்டமும் பயன்படும். கல்லறைக் கற்களில் உள்ள வயதுகளைப் படித்தாலே அந்தக் காலத்தின் சாவு எப்படிப்பட்டது என்று விளங்கும்.

எழுதி முடித்த வரைவை அந்தப் பகுதியில் வாழும் ஒருவரிடம் கொடுத்து, கதை பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த இடத்தில் 'இது நம்ம ஊர் இல்லை' என்று தோன்றியது என்று கேளுங்கள். நேரில் செல்ல விரும்பினால் மழை ஓய்ந்த பிறகு, உள்ளூர் ஒருவரின் துணையோடு, வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில் அதைப் பெற்றுச் செல்லுங்கள். தேவாலாப் பகுதியில் பழைய சுரங்க வாய்கள் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. எவற்றுக்குள்ளும் இறங்க வேண்டாம். வாயருகே நின்று உள்ளிருந்து வரும் குளிரையும் நீர் சொட்டும் ஓசையையும் குறித்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் சாலைக்குத் திரும்பிவிடுங்கள். அந்தி முதல் அந்த வழிகள் யானைகளுடையவை.